தேறல் வந்த வழி: சூலக்கரை முதல் அக்லூஜ் வரை

சூலக்கரை

இத்தாலிய ஒயின் தமிழகக் கரையில் வந்திறங்கத் தொடங்கி ஏறத்தாழ 2000 ஆண்டுகள் ஆகின்றன. நேப்பிள்ஸ் விரிகுடாவைச் சூழ்ந்த எரிமலைச் சரிவுகளில் விளைந்த திராட்சையின் சாறு புளித்துத் தெளிந்து, இருபுறமும் கைப்பிடி வைத்த சுடுமண் சாடிகளில் அடைபட்டு, எகிப்தின் பாலை வழியாகச் செங்கடலை அடைந்து, பருவக்காற்றின் துணையோடு தென்னிந்தியத் துறைமுகங்களுக்கு வந்ததைச் சங்க இலக்கியமும், பெயர் தெரியாத கிரேக்கக் கடல்வணிகர் ஒருவரின் கையேடும், அகழாய்வுக் குழிகளில் கிடைத்த ஓடுகளும் தனித்தனியே சொல்கின்றன. அந்தச் சாடிகளின் தடத்தைக் காணவும், இன்று இந்திய மண்ணில் திராட்சை வளர்ப்போரோடும் ஒயின் வடிப்போரோடும் பழகவும் விரும்பி, ஒயின் சுவையில் நெடுநாள் ஈடுபாடு கொண்ட பயணி ஒருவர் விருதுநகரை ஒட்டிய சூலக்கரையிலிருந்து புறப்பட்டுச் சென்ற வழியை இக்கட்டுரை விவரிக்கிறது.

சூலக்கரை திராட்சைக்குரிய ஊர் அன்று. கரிசல் மண்ணும், தொழிற்பேட்டையின் கொட்டகைகளும், நான்குவழிச் சாலையில் ஓயாது செல்லும் லாரிகளும், கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலமும், அதற்கிடையே தலைநிமிர்ந்து நிற்கும் பனைகளுமே அதன் நிலக்காட்சி. மழை குறைந்து காற்று உலர்ந்த இதே தன்மைதான் சற்றுத் தொலைவிலுள்ள சிவகாசியில் தீக்குச்சியையும் பட்டாசையும் வெயிலில் காயவைக்க ஏற்றதாக அமைந்து, 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்றி, அச்சுத் தொழிலாகவும் பட்டாசுத் தொழிலாகவும் கிளைவிடக் காரணமாயிற்று. சிவகாசிக்கு அருகே வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் கிடைத்திருப்பதால், மானாவாரி வேளாண்மைக்கு மட்டுமே உரியதாக எண்ணப்பட்ட இந்த வட்டாரம் பழங்காலத்தில் கைத்தொழிலும் வணிகமும் செழித்த நிலமாக இருந்தது தெளிவாகியுள்ளது.

ஆனால் குடிப்பொருள் ஒன்றை உருவாக்குபவருக்கும் அதைச் சுவைப்பவருக்கும் இடையே உள்ள நட்பு என்ன என்பதை இந்த ஊரின் பனையேறிகளிடமிருந்தே பயணி முதலில் கற்றார். பனையின் பாளையை இடுக்கியால் நசுக்கி, நாள்தோறும் காலையும் மாலையும் அரிவாளால் நுனி சீவி, அதில் வடியும் சாற்றைக் கலயத்தில் ஏந்துவது அவர்களுடைய வேலை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைபட்டு அது பதநீராகிறது; தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றின் சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாக மாற்ற, சில மணி நேரத்தில் அதுவே கள்ளாகிவிடுகிறது. ஒயின் உருவாவதும் இதே இயற்கைவினையால்தான். பழுத்த திராட்சையின் சர்க்கரையை ஈஸ்ட் உண்பதால் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு பங்குவரை சாராயச் சத்துக் கொண்ட பானம் கிடைக்கிறது. காய்ச்சி வடித்தல் அதில் இல்லை. கள் ஒரு நாளில் கெட்டுவிட, திராட்சையின் புளிப்பும், தோலிலிருந்து இறங்கும் டானின் என்னும் துவர்ப்பும் ஒயினைப் பல ஆண்டுகள் காக்கின்றன என்பதே இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

கோடையின் விடியற்காலையில் ஓலைப் பட்டையைக் கையிலேந்தி மரத்தடியில் நிற்பவருக்கு, "அண்ணாச்சி, அந்த ஒத்தப்பனைதான் இன்னிக்கு நல்லா வடிச்சிருக்கு, அதக் குடிங்க" என்று மரத்தைச் சுட்டிக்காட்டி ஊற்றும் பனையேறி, எந்த மரம் தித்திக்கும், எது சற்றே உப்புக்கரிக்கும், எந்தக் காற்றில் வடிப்பு குறையும் என்பதையெல்லாம் உடம்பால் அறிந்தவர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் இன்று பதநீரும் கருப்பட்டியுமே அவர்களுடைய பிழைப்பு. மரமேற வரும் இளைஞர்கள் மிகக் குறைவு. அதே ஊரின் சாலையோர மதுக்கடையில் விற்கும் பாட்டிலையோ யார் செய்தார், எதிலிருந்து செய்தார், எந்த ஆண்டில் செய்தார் என்று வாங்குபவர் கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைக்காது. குடிப்பொருளுக்கும் அதை உருவாக்கும் மனிதருக்கும் இடையே இருந்த உறவு அறுந்துபோனதே இவ்வட்டாரத்தில் குடி இத்தனை குடும்பங்களைச் சீரழித்ததற்கு ஒரு முக்கியக் காரணம் என்று பயணி உறுதியாக நம்புகிறார். இத்தாலிய ஒயினின்பால் அவருக்கு ஏற்பட்ட பற்றும், அந்த உறவு அங்கே அறுபடாமல் இருப்பதால் ஏற்பட்டதே.

கம்பம் பள்ளத்தாக்கு

தேனியைக் கடந்து சின்னமனூரை நெருங்கும்போது நிலம் முற்றிலும் மாறிவிடுகிறது. இருபுறமும் மலைகள் அரண்போல் நிற்க, நடுவே நெல்லும் வாழையும் தென்னையும் நிறைந்த பசுமை நீள, 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர் வாய்க்கால்களில் சலசலத்து ஓடுவதைக் காணும் கரிசல்காட்டு மனிதருக்கு, முதலில் எழுவது வியப்பைவிட ஏக்கமே. உத்தமபாளையம், இராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி எனத் தொடரும் ஊர்களில் கல்தூண்கள் நட்டு, மேலே கம்பிவலை பின்னி, அதில் கொடியைப் படரவிட்ட பந்தல்கள் வயல்தோறும் விரிந்திருக்கின்றன. பந்தலுக்கு அடியில் நுழைந்தால் வெயில் நின்றுவிடுகிறது. தலையைத் தொடும் உயரத்தில் கருநீலக் குலைகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு விளைபொருளின் தரம் குறிப்பிட்ட மண்ணோடு கட்டுண்டது என்று சட்டம் வழங்கும் அங்கீகாரம், பெற்ற இப்பழத்தை 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பது இவ்வூர்களின் வழக்காறு. தாவரவியலார் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். மரபணு ஆய்வின்படி இதன் பெற்றோர் இருவரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். மற்றொன்று இத்தாலியின் வடகோடியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் விளையும் ஸ்கியாவா கிரோஸ்ஸா. முன்னது இத்தாலியின் தென்கோடியில், சிசிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையிலுள்ள பாந்தெல்லேரியா தீவில் சிபிப்போ என்ற பெயரில் வளர்கிறது. காற்றடிக்கும் அந்தத் தீவில் குழிவெட்டிக் கொடியைக் குட்டைப் புதராக வளர்க்கும் முறையை யுனெஸ்கோ 2014இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. இவ்வாறு இத்தாலியின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் உறவுடைய ஒரு பழம் தேனி மாவட்டத்தில் வேர்கொண்டிருப்பதும், ஸ்கியாவாவை ஆல்ப்ஸ் அடிவாரத்து உழவர்கள் இன்றும் பந்தலிலேயே படரவிடுவதும், பந்தலடியில் நிற்கும் எவருக்கும் தொலைவை மறக்கச்செய்யும் செய்திகள்.

வேறுபாடு காலத்தில் இருக்கிறது. இத்தாலியில் குளிர்காலம் கொடியை உறங்கவைக்கிறது. வசந்தத்தில் துளிர்த்து, செப்டம்பரிலோ அக்டோபரிலோ ஆண்டுக்கொரு முறை அறுவடை. அந்த ஒற்றை அறுவடையில் ஓராண்டின் மழையும் வெயிலும் பதிவாகிவிடுவதால்தான் பாட்டிலின் மீது ஆண்டு பொறிக்கப்படுகிறது. கம்பத்தில் குளிர் இல்லை, ஆதலால் கொடிக்கு உறக்கமும் இல்லை. உழவர் கவாத்து செய்யும் நாளே, அதாவது பழைய கிளைகளை வெட்டிவிடும் நாளே, கொடிக்கு ஆண்டுப் பிறப்பு. வெட்டிய ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வருகிறது. ஒருவர் தோட்டத்தில் பூவும் அடுத்தவர் தோட்டத்தில் பிஞ்சும் அதற்கடுத்ததில் அறுவடையுமாக, ஆண்டு முழுதும் பள்ளத்தாக்கில் எங்கேனும் பழம் பறிபட்டுக்கொண்டே இருக்கிறது. உலகின் திராட்சை நிலங்களில் இது மிக அரிய நிலைமை.

இராயப்பன்பட்டிப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகத் திராட்சை வளர்க்கும் குடும்பம் ஒன்றோடு பயணிக்கு இந்த வழியில் நல்ல நட்பு உண்டாயிற்று. குடும்பத்தின் மூத்தவர் ஒரு குலையைக் கத்தரித்துக் கையில் வைத்து, "தம்பி, கண்ண மூடிக்கிட்டு மோந்து பாருங்க, ரோசாப்பூ வாசம் வரும், வரலேன்னா அது இன்னும் பழுக்கல" என்று சொன்ன சோதனைமுறை, இத்தாலிய ஒயின் சுவைஞர்கள் கிண்ணத்தைச் சுழற்றி முதலில் மூக்கருகே கொண்டுபோகும் முறைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. பழத்தின் முன்பகுதியில் இனிப்பும், கொட்டையருகே லேசான துவர்ப்பும், தோலைக் கடிக்கும்போது வாயெல்லாம் பரவும் பன்னீர் மணமும் அடுத்தடுத்து வந்தன. மதியம் அந்த வீட்டில் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் உண்டபின் கிண்ணத்தில் வைத்த திராட்சையே பாயசத்துக்கு ஈடாயிற்று.

பழுத்த நேரத்தில் இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்தால் பழம் நீரை உறிஞ்சி வெடித்துவிடுகிறது. மகாராட்டிரத்தின் விதையில்லாத் திராட்சை சந்தைக்கு வரும் மாதங்களில் விலை சரிந்துவிடுகிறது. பறித்த பழம் சில நாட்களுக்கு மேல் நிற்பதில்லை. எனவே வியாபாரி சொன்ன விலைக்கே தந்தாகவேண்டும். கேரளத்துக்கும் தமிழ்நாட்டின் பிற ஊர்களுக்கும் பெட்டிகளில் செல்லும் அந்தப் பழத்தை வாங்குபவர் எவருக்கும் அந்த மூத்தவரின் பெயர் தெரியாது. எளிதில் அழியும் பழத்தை ஆண்டுக்கணக்கில் காக்கவும், விளைவித்தவர் பெயரோடு விற்கவும் மத்தியதரைக்கடல் உழவர்கள் கண்ட வழியே ஒயின். அதைப் பொழுதுபோக்குப் பானமாக மட்டும் கருதுவோர், உழவருக்கு அது பயிர்க்காப்பாகவும் இருந்ததைக் காணத் தவறிவிடுகிறார்கள்.

மதுரை

மதுரையில் பயணி தங்கியது சிறிது நேரமே. ஆயினும் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாடலை இந்நகரில் நினைக்காமல் செல்ல இயலாது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, நறுமணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் நாள்தோறும் ஊட்ட, மன்னன் மகிழ்ந்து வாழவேண்டும் என்பது அப்பாடலின் வாழ்த்து. கொண்டுவந்தவர் யார், எத்தகைய கலத்தில் வந்தது, அதன் மணம் எத்தகையது, யார் ஊற்றினர் என்று குடிப்பொருளின் வழியைத் தொடர்ந்து சொல்லும் அந்தக் கவனம் பயணியைப் பெரிதும் கவர்ந்தது. வையையின் நீரோட்டத்தைத் தொடர்ந்து கிழக்கே சென்றால் அந்தக் கலங்கள் இறங்கிய கரையைக் காணலாம்.

அழகன்குளம்

வையை கடலோடு சேரும் ஆற்றங்கரைக்கு அருகே, இராமநாதபுரம் மாவட்டத்தில் அமைந்த அழகன்குளம் இன்று அமைதியான கடலோரச் சிற்றூர். மணலும் பனையும் உடைமரமும் சூழ்ந்த கோட்டைமேடு என்னும் பகுதியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 தொடங்கிப் பல கட்டங்களாக அகழாய்வு நடத்தியது. உருளைக்கோட்டுப் பாண்டங்கள், ரோமானிய நாணயங்கள், பெரிய பாய்மரக் கப்பலின் உருவம் கீறப்பட்ட பானையோடு ஆகியவற்றோடு ஆம்போரா என்னும் சாடிகளின் துண்டுகளும் இங்கே கிடைத்தன. ஆம்போரா என்பது குறுகிய கழுத்தும் இரு கைப்பிடிகளும் கூரிய அடிப்பகுதியும் கொண்ட சுடுமண் கலம்; ஏறத்தாழ 26 லிட்டர் கொள்வது பொதுவான அளவு. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்க அந்தக் கூரிய அடி உதவியது. ஒயின் கசியாதிருக்க உட்புறம் மரப்பிசின் பூசினர். அப்பிசினின் சுவை ஒயினிலும் இறங்கியதால், பாண்டியன் சுவைத்த தேறலில் திராட்சையோடு பைன் மரத்தின் மணமும் கலந்திருக்க வேண்டும்.

வந்த வழியையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நேப்பிள்சுக்கு அருகிலுள்ள புத்தேயோலி துறையில் ஏற்றிய சாடி அலெக்சாந்திரியாவில் இறங்கி, நைல் ஆற்றில் படகேறி, கொப்தோஸ் நகரில் ஒட்டகத்தின் முதுகுக்கு மாறி, பாலையைக் கடந்து செங்கடல் துறைகளான பெரெனிகேயையோ மியோஸ் ஹோர்மோசையோ அடைந்து, தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்பார்த்துக் கிடந்து, பிறகே அரபிக்கடலைக் கடந்தது. மியோஸ் ஹோர்மோஸ் இருந்த குசைர் அல்-காதிமில் 'பானை ஒறி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானையோடு கிடைத்திருப்பதால், அந்தக் கரையில் தமிழ் வணிகர்களும் வாழ்ந்ததில் ஐயமில்லை. சாடிகளைக் கைமாற்றியபோது இரு தரப்பாரும் எந்த மொழியில் பேரம் பேசினர், எத்தகைய பழக்கம் அவர்களிடையே வளர்ந்தது என்று எண்ணுவது வரலாற்று வாசகர்க்கு நீங்காத இன்பம்.

அழகன்குளத்தில் பயணிக்கு விருந்தளித்த வீட்டில் புளி கரைத்த மீன்குழம்பும் வறுத்த நகரை மீனும் இருந்தன. வீட்டின் பெரியவர், மழைக்காலத்தில் மேட்டின் மண் அரிக்கும்போது சிறுவயதில் ஓடுகளையும் மணிகளையும் பொறுக்கி விளையாடியதைச் சொன்னார். அந்த ஓடுகளில் சில, நேப்பிள்சைச் சூழ்ந்த காம்பானியாவின் ஏதோ ஒரு தோட்டத்து உழவர் தட்டிப்பார்த்து மூடியிட்ட சாடியின் பகுதிகளாக இருந்திருக்கக்கூடும் என்பது அந்த உணவுவேளையில் அங்கிருந்த அனைவரையும் நெகிழச்செய்தது.

அரிக்கமேடு

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு வளைந்து கடலை நோக்கும் இடத்தில், காக்காயன்தோப்பு கிராமத்தை ஒட்டி அரிக்கமேடு இருக்கிறது. மாவும் தென்னையும் நிழல்செய்ய, 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மடத்தின் இடிந்த சுவர்கள் மட்டுமே தரைக்குமேல் தெரியும் இந்த இடத்தில், உலகத் தொல்லியலின் முக்கியமான அத்தியாயம் ஒன்று எழுதப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரே 1930களில் இதன் சிறப்பை உணர்ந்தார். 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் இங்கிருந்து வந்த ஆம்போராத் துண்டு ஒன்றைக் கண்ட தொல்லியலாளர் மார்டிமர் வீலர், அதன் பிறப்பிடம் மத்தியதரைக்கடல் பகுதி என்பதை உடனே அறிந்து, 1945இல் அகழாய்வு மேற்கொண்டார். அவருக்குப்பின் கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் ஆய்ந்தனர். பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கையேடு குறிக்கும் பொதுகே துறைமுகம் இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து.

வீலர் கண்டெடுத்தவற்றுள் சிவந்து பளபளக்கும் மெல்லிய கலங்களின் துண்டுகள் அவருக்குக் காலக்கணிப்பின் திறவுகோலாயின. அவை அரெத்தைன் பாண்டங்கள். நடு இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் வனையப்பட்டவை. வனைந்த பட்டறைகளின் முத்திரையாக விபியே, காமூரி, இத்தா என்ற பெயர்கள் சிலவற்றின் அடியில் பொறிக்கப்பட்டிருந்தன. அரெஸ்ஸோ இருக்கும் தஸ்கனி வட்டாரமே இன்று கியாந்தி ஒயினுக்குப் புகழ்பெற்றது. செய்தவரின் பெயரைப் பொருளின்மீதே பொறித்து, கடல்கடந்து யாரென்றே அறியாதவருக்கு அனுப்பும் அந்தப் பழக்கம் அங்கே அத்தனை பழமையானது.

ஆம்போராக்களை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத்தின் கோஸ் தீவின் பாணியில் அமைந்த ஒயின் சாடிகளே இங்கு மிகுதி என்று கண்டார். இரு மண்தண்டுகளை ஒட்டிச் செய்த கைப்பிடி அவற்றின் அடையாளம். இந்தப் பாணியைக் காம்பானியக் குயவர்களும் பின்பற்றினர். வெசூவியஸ் எரிமலையின் கரிய படிகத்துகள்கள் கலந்த களிமண்ணால் வனைந்ததால், காம்பானியச் சாடியின் உடைந்த விளிம்பில் கருமணல் பளிச்சிடுவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களின் முன் நெடுநேரம் நின்ற பயணிக்கு, ஒயின் விரும்பிகள் அடிக்கடி சொல்லும் 'நிலத்தின் சுவை' என்ற கருத்து, அதாவது ஒரு மலைச்சரிவின் மண்ணும் காற்றும் பானத்தில் தெரியும் என்ற கருத்து, இங்கே கண்ணுக்குப் புலப்படும் பொருளாகவே இருப்பதாகத் தோன்றியது.

பெரிப்ளூசின் ஆசிரியர் குசராத்தின் பரிகாசா துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே இத்தாலிய ஒயினுக்கே முதலிடம் என்றும், சிரியாவின் லவோதிக்கேய ஒயினும் அரேபிய ஒயினும் அடுத்து விலைபோகும் என்றும் குறிக்கிறார்; இந்தியர்கள் ஒயினின் ஊரை வேறுபடுத்தி அறிந்து வாங்கினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காம்பானியாவின் மிகச் சிறந்த ஒயின் மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்த பலேர்னியம். ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலில், ஒயின்களுள் நெருப்பு வைத்தால் பற்றிக்கொள்வது அது ஒன்றே என்று எழுதியுள்ளார். தீயின் குணத்தைத் தொழிலாகக் கொண்ட சிவகாசி வட்டாரத்தார்க்கு அதன் வலிமையை உணர்த்த இவ்வொரு குறிப்பே போதும். இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியேறுவதாக வருந்திய அதே பிளினி, கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது அதன் அருகிலுள்ள கடற்கரையிலேயே மாண்டார். அவ்வெடிப்பில் பொம்பேயி நகரும் அதைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்களும் சாம்பலில் மூழ்கின.

அரிக்கமேட்டின் ஆற்றங்கரையில் பிற்பகல் முழுதும் அமர்ந்திருந்தாலும், வருவோர் மிகச் சிலர். இவ்வளவு பெருமையுடைய இடத்தில் வருவோருக்கு வழிகாட்டும் ஏற்பாடு இன்னும் விரிவாக அமைய வேண்டும் என்பதே அங்கிருந்து திரும்பும் எவரும் கொள்ளும் எண்ணம். மேட்டருகே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் வீலர் தோண்டிய பக்கத்தைத் தம் தந்தையார் காட்டித்தந்தபடியே காட்டினார். அந்த வாய்மொழி வழிகாட்டலுக்குப் பயணி பெரிதும் கடன்பட்டவர்.

அக்லூஜ்

சாடியாக வந்த இத்தாலி கொடியாகவும் மனிதராகவும் வந்த இடத்தைக் காண, பயணம் வடமேற்கே மகாராட்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்திலுள்ள அக்லூஜுக்குத் திரும்பியது. கரும்பு விளையும் இந்தப் பகுதியில் தக்காணத்தின் கரிசல் மண் மீண்டும் தென்படுகிறது. சோள ரொட்டி, கடலைமாவுப் பிட்லா, பச்சைமிளகாயை இடித்த தேச்சா என உணவும் கரிசல்காட்டாருக்கு அந்நியமாகத் தெரியவில்லை. கம்பும் சோளமும் உண்டு வளர்ந்த நாக்கு அந்த ரொட்டியை உடனே அறிந்துகொள்கிறது.

இங்கே 2000களின் பிற்பகுதியில் தொடங்கிய ஃப்ராடெல்லி ஒயின் நிறுவனம் மூன்று குடும்பங்களின் உடன்பிறந்தாரால் உருவானது: இத்தாலியின் செச்சி சகோதரர்கள், தில்லியின் செக்ரி சகோதரர்கள், அக்லூஜின் மோகிதே-பாட்டீல் சகோதரர்கள். உடன்பிறந்தார் என்பதே நிறுவனப் பெயரின் பொருள். தஸ்கனியைச் சேர்ந்த மூத்த ஒயின் வல்லுநர் பியெரோ மாசி தொடக்கத்திலிருந்தே இதன் ஒயின்களுக்கு வடிவம் தந்தவர். அவரது ஊரின் சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சை இங்கே நடப்பட்டது. இந்த வகை தஸ்கனியின் உயிர்நாடி. கியாந்தியின் அடித்தளமும், மொந்தால்சினோ ஊரின் புகழ்பெற்ற புருனெல்லோ ஒயினின் ஒரே மூலப்பொருளும் இதுவே. கியாந்தி ஒயின் எந்த நிலப்பகுதியில் விளைய வேண்டும் என்று தஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ 1716இலேயே எல்லை வகுத்தார். 1963இல் இத்தாலிய அரசு ஊர்ப்பெயரைக் காக்கும் சட்டத்தை நாடு முழுமைக்கும் இயற்றியது. விருதுநகர் மாவட்டத்தார் இதை எளிதில் உணரலாம்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் பெற்ற புவிசார் குறியீடு அதே நோக்கம் கொண்டது.

மகாராட்டிரத்தில் கொடியை ஏப்ரலில் ஒரு முறையும் அக்டோபரில் மறுமுறையும் கவாத்து செய்து, இரண்டாம் வளர்ச்சியை மட்டும் காய்க்கவிட்டு, இரவுகள் குளிர்ந்திருக்கும் சனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை செய்கிறார்கள். ஆண்டுக்கொரு அறுவடை என்னும் இத்தாலிய ஒழுங்கை வெப்பநாட்டுக்கு ஏற்பத் திருப்பிப்போட்ட இந்த உத்தி இந்திய உழவரின் அறிவுக்குச் சான்று. பறிப்பவர்கள் சுற்றுவட்டார ஊர்களின் பெண்கள். எந்தக் குலையைப் பறிக்கலாம், எதை விடவேண்டும் என்பதை விதையின் நிறத்தைப் பார்த்தே சொல்லும் அவர்களுடைய தேர்ச்சி இராயப்பன்பட்டி மூத்தவரின் மூக்குச் சோதனைக்கு உடன்பிறந்தது.

சாஞ்சோவேசேயில் புளிச்செர்ரியை நினைவூட்டும் கூர்மையும், தேயிலையை ஒத்த துவர்ப்பும் உண்டு. அதன் புளிப்பு கொழுப்பை அறுத்து நாக்கைத் துலக்கிவிடுவதால், விருதுநகரின் எண்ணெய்ப் புரோட்டாவுக்கும் ஆட்டுச் சுக்காவுக்கும் உலகின் எல்லா ஒயின்களிலும் இதுவே பொருத்தமானது என்பது பயணியின் முடிவு. இத்தாலியர் ஒயினைத் தனித்துக் குடிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில், வீட்டார் சூழ, உணவின் ஒரு பகுதியாகச் சிறிதளவே அருந்துகிறார்கள். அந்த அளவுணர்வையும் சேர்த்தே அவர்களுடைய ஒயினைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அக்லூஜில் நிகழ்ந்தது தற்செயலன்று. மகாராட்டிர அரசு 2001இல் திராட்சைப் பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக்கொள்கை வகுத்து, ஒயினைச் சாராயத்திலிருந்து பிரித்து, அதை உழவுத் தொழிலாகக் கருதி வரிச்சலுகை தந்தது. கருநாடகமும் 2007இல் அவ்வழியில் ஒயினுக்கெனக் கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் பள்ளத்தாக்கு நிறையப் பழம் உண்டு. ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் உண்டு. மஸ்கட் ஹாம்பர்க்கிலிருந்து ரோசா மணம் மாறாத இனிப்பு ஒயின்களைக் கலிபோர்னியாவில் செய்கிறார்கள் என்பதால், பன்னீர் திராட்சை அதற்கு ஏற்றதா என்ற ஐயத்துக்கு இடமில்லை. கம்பத்து உழவர் குழுக்கள் தங்கள் பழத்திலிருந்து சிறிய அளவில் ஒயின் வடித்து, ஊரின் பெயரையும் உழவரின் பெயரையும் பாட்டிலில் பொறித்து விற்க, தமிழ்நாடு அரசு எளிய உரிம முறையை வகுத்து, ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகப் பயிற்சியும் தர வேண்டும்.